சர்க்கரையைக் கண்டால் ஒளிரும் வேதிப்பொருள்: பனைவெல்லத்துக்கு உதவுமா?

"இது அசல் பனைவெல்லம்தானா, சர்க்கரை கலந்ததா?" செய்யூரிலிருந்து மாமல்லபுரம் வரை நம்ம கடலோரத்தில் பனைவெல்லம் விற்கிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. வெள்ளைச் சர்க்கரை கலந்து காய்ச்சுகிறவருக்கு அடக்கவிலை குறைவு. பதநீரை மட்டும் காய்ச்சுகிறவர் அதே விலைக்குக் கொடுத்தால், மரம் ஏறியவருக்குக் கூலி மிஞ்சாது. "இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இல்லையா சார்?" என்று இளம் உழவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சர்க்கரையைக் கண்டால் ஒளிரும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை நமக்கு எதுவரை உதவும் என்று பார்ப்போம்.

முதலில் நம்மில் பலரிடம் இருக்கும் பிரிக்ஸ் மீட்டர். தர்பூசணிச் சாறோ பதநீரோ இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். கரைசல் கெட்டியாக இருந்தால் ஒளி அதிகமாக வளையும். அந்த வளைவைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. 10 என்றால் 100 கிராம் சாற்றில் ஏறக்குறைய 10 கிராம் கரைந்திருக்கிறது. ஆனால் கரைந்தது எந்தச் சர்க்கரை என்று அதற்குத் தெரியாது. உப்பு கரைந்திருந்தாலும் எண் ஏறும்.

ஒளிரும் வேதிப்பொருள் வேறு வகை. ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால், அதன் எண்களும் உள்ளே இருக்கும் இழைகளும் பளிச்சென்று ஒளிரும். வங்கியில் இருந்த காலத்தில் நான் அன்றாடம் பார்த்தது இது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு, தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிற பொருள்கள் அவை. அப்படிப்பட்ட ஒரு பொருளோடு, சர்க்கரையைப் பிடிக்கிற ஒரு 'கொக்கி'யை இணைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கொக்கி, போரான் உள்ள போரானிக் அமிலம். தென்னைக்கு வேண்டிய நுண்ணூட்டம் என்று நமக்குத் தெரிந்த அதே போரான்தான். சர்க்கரை மூலக்கூறில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளை அது பற்றிக்கொள்ளும். சர்க்கரை இல்லாதபோது, பக்கத்தில் இருக்கும் நைட்ரஜன் விளக்கை அணைத்தே வைத்திருக்கும். சர்க்கரை வந்து ஒட்டியதும் நைட்ரஜனை போரான் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், விளக்கு எரியும். சர்க்கரை விலகினால் மறுபடி மங்கும்.

ஒரு கொக்கி மட்டும் இருந்தால் பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸைத்தான் அதிகம் பிடிக்கும். இரண்டு கொக்கிகளைச் சரியான இடைவெளியில் வைத்து, குளுக்கோஸைத் தேர்ந்து பிடிக்கும் மூலக்கூறை 1994-இல் ஜப்பானில் டோனி ஜேம்ஸ், செய்ஜி ஷின்காய் குழுவினர் உருவாக்கினார்கள். இதே வழியில் வந்த எவர்சென்ஸ் என்ற உணரிக்கு 2018-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. நீரிழிவு உள்ளவர்களின் கைத்தோலுக்கு அடியில் இருந்துகொண்டு அது சர்க்கரை அளவைச் சொல்கிறது.

சரி, நம்ம பதநீருக்கு வருவோம். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். கலயத்தில் சுண்ணாம்பு போதாமல் போனால் நுண்ணுயிர்கள் பெருகி, சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்துவிடும். அந்தப் பதநீரைக் காய்ச்சினால் வெல்லம் இறுகாது. போரான் கொக்கி சுக்ரோஸை லேசாகத்தான் பிடிக்கும். உடைந்த சர்க்கரைகளை நன்றாகப் பிடிக்கும். ஆகவே பதநீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க இது பொருத்தமான வழி.

ஆனால் கலப்படத்தை இது பிடிக்காது. வெள்ளைச் சர்க்கரையும் சுக்ரோஸ், பதநீரில் இருப்பதும் சுக்ரோஸ். பாஸ்புக்கில் இருப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால், பணம் யார் போட்டது என்று தெரியுமா? அதே கதைதான்.

எங்கிருந்து வந்தது என்று காட்டுவது கார்பன். கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு. பனையும் நெல்லும் எடுக்கும் முறை வேறு. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 விகிதம் மாறும். ஆய்வகத்தில் அதை அளந்தால் பனைவெல்லத்தில் கரும்புச் சர்க்கரை கலந்ததைப் பிடிக்கலாம். இதற்கும் எல்லை உண்டு. தேனில் அரிசிப் பாகு கலந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 தேன் பிராண்டுகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஜெர்மனியில் செய்த என்.எம்.ஆர். சோதனையையும் சேர்த்து, எல்லாவற்றிலும் தேறியவை மூன்றே மூன்று.

ஆக, "கருவி வைத்துச் சோதித்தது" என்று யாராவது சொன்னால், எந்தக் கருவி, அது எதை அளந்தது என்று கேளுங்கள். பிரிக்ஸ் எண் கலப்படம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. நம் கையில் இருக்கிற சான்று கணக்குதான். ஏறிய மரங்கள், இறக்கிய பதநீர் லிட்டர், காய்ச்சிய நாள், கிடைத்த வெல்லம் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். இறக்கிய பதநீருக்கு மேல் வெல்லம் வராது. வாங்குகிறவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுவாக இருப்பவர்கள், ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குழுவாகச் செலவைப் பகிர்ந்து, பருவத்துக்கு ஒரு முறை ஒரு மாதிரியை கார்பன் சோதனைக்கு அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.