வேகத்தில் வேறுபட்டோர் ஒரே தடத்தில்: சிமுலேட்டர் பந்தய ஒழுங்கு

வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் தத்தம் வீட்டில் ஸ்டீயரிங்கும் பெடல்களும் பொருத்திய கணினியின் முன் அமர்ந்து, உண்மையான பந்தயத் தடங்களைப் போலவே வடிவமைக்கப்பட்ட தடங்களில் இணையவழி போட்டியிடுவதே சிமுலேட்டர் பந்தயமாகும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓட்டும் மாணவரும், கிள்ளானிலிருந்து ஓட்டும் அலுவலரும், பல்லாண்டுப் பயிற்சி பெற்ற ஐரோப்பியரும் ஒரே களத்தில் இறங்க முடிவதால், வேக வேறுபாடு இவ்விளையாட்டின் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் பெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப் பாதை இருப்பதுபோல் பந்தயத் தடத்தில் எதுவும் பிரிக்கப்படாமையால், அங்கு விரைவோரையும் மெதுவாகச் செல்வோரையும் ஒருசேரக் காப்பது ஓட்டுநர்களின் ஒழுங்கு மட்டுமே.

இவ்வொழுங்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு, சிலாங்கூரில் 1999இல் திறக்கப்பட்ட, 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட செப்பாங் தடத்தில் 2012 மார்ச் 25 அன்று நடந்த பார்முலா 1 மலேசிய கிராண்ட் பிரீ பந்தயம் சிறந்த சான்றாகும். இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநரான கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், அப்போது களத்தில் இருந்தவற்றுள் வேகம் மிகக் குறைந்த அணிகளில் ஒன்றான எச்ஆர்டியின் காரை ஓட்டினார். மழையால் நிறுத்தப்பட்ட பந்தயம் மீண்டும் தொடங்கிய பின், இடத்துக்கான போட்டியில் அவர் காரின் மீது மோதி முன்இறக்கையை இழந்த ஜென்சன் பட்டன், அது தம் தவறே என ஒப்புக்கொண்டார். பந்தயத்தின் இறுதிப் பகுதியிலோ, நான்காம் இடத்தில் இருந்த செபாஸ்டியன் வெட்டல் கார்த்திகேயனை ஒரு சுற்று முந்திச் சென்றபோது இரு கார்களும் உரசியதில் வெட்டலின் பின்சக்கர டயர் கிழிந்து, அவர் 11ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 விநாடித் தண்டனை விதித்தனர்.

இவ்விரு மோதல்களும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. ஒரே சுற்றில் இருக்கும் இருவர் இடத்துக்காகப் போட்டியிடும்போது, மெதுவான காரை ஓட்டுபவருக்கும் தம் இடத்தை நேர்மையாகக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. முழுச் சுற்று பின்தங்கியவரை முன்னணியில் உள்ளவர் நெருங்கும்போது நீலக்கொடி காட்டப்படுகிறது. பார்முலா 1இல் அதைக் கண்டவர் முதல் வாய்ப்பிலேயே வழிவிட வேண்டும். ஆனால் 2008இல் தொடங்கிய ஐரேசிங் என்னும் இணையப் பந்தயத் தளத்தில் அக்கொடி ஓர் அறிவிப்பாக மட்டுமே கொள்ளப்படுவதோடு, பாதுகாப்பாகக் கடக்கும் பொறுப்பு விரைந்து வருபவரிடமே விடப்படுகிறது. ஆகவே எந்தப் போட்டியில் கலந்துகொள்பவரும் அதன் விதியை முன்கூட்டியே அறிந்திருப்பது இன்றியமையாதது.

இணையப் பந்தயத்தில் இப்பொறுப்பு இவ்வாறு அமைந்ததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 5.5 மீட்டர், அதாவது தன் நீளத்துக்கும் சற்று அதிகமான தொலைவு, நகர்ந்துவிடுகிறது. தொலைவிலுள்ள சர்வரிலிருந்து தகவல் வந்துசேர அத்தகைய தாமதம் ஏற்படும்போது, மற்ற கார் தற்போதைய போக்கிலேயே செல்லும் எனக் கணித்துத்தான் மென்பொருள் அதைத் திரையில் காட்டுகிறது. எனவே வழிவிடும் நல்லெண்ணத்தோடு ஒருவர் திடீரென விலகினாலும், பின்னால் வருபவரின் திரையில் அது காலந்தாழ்ந்தே தெரிவதால், அந்த விலகலே மோதலுக்குக் காரணமாகிவிடுகிறது.

ஆகையால் மெதுவாக ஓட்டுபவரின் முதற்கடமை, தம் போக்கைப் பிறர் ஊகிக்கும்படி ஓட்டுவதாகும். வளைவுகளை மிக விரைவாகக் கடக்க உதவும் பாதையான பந்தயக் கோட்டை அவர் வளைவின் நடுவில் விட்டு விலகாமல், நேர்ப்பகுதி வந்ததும் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தி, ஒரு பக்கமாக நிலைத்துச் செல்வது போதுமானது. பிரேக்கை எதிர்பாராமல் அழுத்துவதையும், தடத்துக்கு வெளியே சென்றபின் பார்க்காமல் உள்ளே நுழைவதையும் அவர் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

விரைந்து வருபவரின் கடமை இதைவிடக் கனமானது, ஏனெனில் முன்னால் இருப்பதை முழுமையாகக் காண்பவர் அவரே. ஒற்றைத் திரையில் ஓட்டும் புதியவருக்கோ பக்கவாட்டுக் காட்சி பெரும்பாலும் தெரிவதில்லை. முகப்பு விளக்கை ஒருமுறை ஒளிரவிட்டுத் தம் வருகையை உணர்த்தலாமேயன்றி, இடைவிடாமல் ஒளிரவிட்டு அச்சுறுத்துவது முறையாகாது. செப்பாங்கில் மோதலுக்குப் பின் வெட்டலும் கார்த்திகேயனும் செய்தியாளர்களிடம் ஒருவரையொருவர் கடுமையாகச் சாடிக்கொண்டது போன்ற சொற்போர், குரல்வழி உரையாடலில் நிகழும்போது, புதியவர்கள் களத்தை விட்டே விலகிவிடுகின்றனர்.

ஐரேசிங்கில் மோதல் யாரால் நேர்ந்தது என ஆராயாமல் ஓட்டுநரின் பாதுகாப்பு மதிப்பீட்டைத் தாழ்த்தும் குறைப்புள்ளி இருவருக்கும் பதிவாவதால், தவறு தம்முடையதன்று என்னும் வாதம் அங்கு எவருடைய மதிப்பீட்டையும் காப்பதில்லை. ஒரு வளைவு பொறுத்திருப்பதால் இழப்பது ஓரிரு விநாடி. பொறுக்காமையால் இழப்பது இருவரின் பந்தயமும். இன்று ஒரு சுற்று பின்தங்குபவருக்கு அச்சமின்றி ஓட்டிப் பழக இடமளிக்கும் களமே, நாளை நெருக்கமாகப் போட்டியிடத்தக்க ஓட்டுநர்களைப் பெறுகிறது. அவ்விடத்தை அளிக்கும் ஆற்றல் வேகத்தில் முந்தியவர்களிடமே இருப்பதால், அளிக்கும் கடமையும் முதலில் அவர்களையே சாரும்.