அம்மாவின் போதை, பிள்ளையின் மீட்சி

குடிக்கும் அப்பாவைப் பற்றி நம் ஊரில் தாராளமாகப் பேசுவோம். திண்ணையில் பேசுவோம், மேடையில் பேசுவோம், திரைப்படத்தில் பார்த்துக் கண்கலங்குவோம். அதே நோய் அம்மாவுக்கு வந்துவிட்டால் வீடே வாயை மூடிக்கொள்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அதன்படி 10 முதல் 75 வயதுவரை உள்ள ஆண்களில் 27.3 சதவீதம் பேரும், பெண்களில் 1.6 சதவீதம் பேரும் மது அருந்துகிறார்கள். பெண்களின் எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதாலேயே, அம்மா குடிக்கும் வீட்டுப் பிள்ளை ‘உலகத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி’ என்று நம்பி வளர்கிறது. தூக்க மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையான அம்மாக்களும் உண்டு. அங்கே வாடைகூட வராது. கண்டுபிடிக்க இன்னும் நாளாகும்.

அந்தப் பிள்ளைகளுக்காகவும், அப்படி வளர்ந்து இன்று முப்பது, நாற்பது வயதைத் தொட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான்: அம்மா குணமாகும்வரை உங்கள் மீட்சி காத்திருக்க வேண்டியதில்லை.

வாசலிலேயே தொடங்கும் பயம்

பள்ளி விட்டு வரும் பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் காதைக் கொடுக்கிறது. குக்கர் விசில் கேட்டால் இன்று நல்ல நாள். ஆளில்லாத கூடத்தில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் வயிற்றைப் பிசைகிறது. அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தம்பிக்கு இரண்டு தோசை வார்த்துக் கொடுத்து, அவனை வீட்டுப்பாடம் எழுத உட்கார வைக்கிறாள் பத்து வயது அக்கா. பெரியம்மா போன் செய்தால், “அம்மாவுக்குத் தலைவலி, படுத்திருக்காங்க” என்று தடுமாறாமல் சொல்லவும் பழகிவிடுகிறாள். பார்ப்பவர்கள் “பொறுப்பான பெண்” என்று மெச்சுகிறார்கள். அது பயத்திலிருந்து வந்த பொறுப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்படி வளர்ந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் சில குணங்கள் ஒட்டிக்கொள்கின்றன. யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல வராது. ஓய்வெடுத்தால் குற்ற உணர்வு வரும். பக்கத்தில் இருப்பவர் குரல் சற்று மாறினாலும் ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று மனம் தேடும். திருமணத்திலும் குடிப்பழக்கம் உள்ள ஒருவரையே தேர்ந்தெடுத்து, அவரைத் திருத்துவதிலேயே ஆயுளைக் கழிப்பவர்கள் உண்டு.

உடலில் என்ன நடக்கிறது?

எப்போது என்ன நடக்குமோ என்ற பதற்றத்திலேயே வாழும் குழந்தையின் உடலில், கார்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் அடிக்கடி சுரக்கின்றன. ஆபத்தை உணரும் மூளைப் பகுதி எந்நேரமும் விழிப்பில் இருக்கிறது. இந்தப் பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் பொருளாகப் பின்னாளில் மதுவோ மாத்திரையோ கைக்குக் கிடைத்தால், பிடி இறுகுவது எளிது.

அமெரிக்காவில் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் 9,500க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. வீட்டில் போதைப் பழக்கம், அடி உதை, மனநோய், சிறைவாசம் என்று சிறுவயதுத் துன்பங்களை 7 வகையாக அது பிரித்துப் பார்த்தது. அவற்றில் 4 வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்குவரை அதிகமாக இருந்தது.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுவைச் சார்ந்தது என்கின்றன இரட்டையர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள். மீதிப் பாதி சூழலும் நாம் எடுக்கும் முடிவுகளும். எனவே இது தலைவிதி அல்ல. ஆனால் இந்த வீட்டுப் பிள்ளைகள் ‘சும்மா ருசி பார்ப்போம்’ என்று தொடங்குவது மற்றவர்கள் தொடங்குவதைவிட ஆபத்தானது.

புகழும் காப்பாற்றவில்லை

1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தால் உலகப் புகழ் பெற்றவர் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்ட். சோர்வில்லாமல் நடிக்கவும் எடை கூடாமல் இருக்கவும் ஊக்க மாத்திரை, இரவில் உறங்க பார்பிட்யூரேட் என்று பதின்பருவத்திலேயே அவருக்குப் பழக்கமாகிவிட்டது. 1969 ஜூன் 22 அன்று லண்டனில் பார்பிட்யூரேட் அளவு மீறியதால் இறந்தார். 47 வயது நிறைந்து 12 நாள்தான் ஆகியிருந்தது.

மூத்த மகள் லைசா மின்னெல்லிக்கு அப்போது 23 வயது. தாயின் இறுதிச் சடங்கு நாட்களைத் தாங்கிக்கொள்ள மருத்துவர் கொடுத்த வேலியம் மாத்திரையில்தான் தன் பழக்கம் தொடங்கியது என்று அவர் பின்னாளில் சொன்னார். ‘கேபரே’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. 1984இல், தங்கை லோர்னா லஃப்ட் முன்னின்று முயன்றதில், கலிஃபோர்னியாவிலுள்ள பெட்டி ஃபோர்டு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் பழக்கம் திரும்பியபோது மறுபடியும் சிகிச்சைக்குப் போனார்.

அவர் சேர்ந்த அந்த மையம் உருவானதும் ஒரு மகளால்தான். அமெரிக்க அதிபராக இருந்த ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு, மதுவுக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையானவர். மகள் சூசன் ஒரு மருத்துவரை அழைத்துக்கொண்டு போய்ப் பேசியபோது, பெட்டி கோபத்தில் இருவரையும் வெளியே போகச் சொன்னார். சூசன் அதோடு விடவில்லை. 1978 ஏப்ரலில் குடும்பமே கூடி உட்கார்ந்து பேச, பெட்டி சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். குணமானபின் தன் நோயை ஊரறியச் சொல்லி, 1982இல் அந்த மையத்தைத் தொடங்கினார். 93 வயதுவரை வாழ்ந்தார்.

எல்லா மகள்களுக்கும் இப்படி நல்ல முடிவு வாய்ப்பதில்லை. ஆனாலும் இரண்டு குடும்பத்திலும் வழி திறந்தது யாரோ ஒருவர் வாய் திறந்து பேசிய பிறகுதான்.

பெண்களுக்கு ஏன் வேகமாகப் பாதிக்கிறது?

பெண்களின் உடலில் நீரின் அளவு ஆண்களைவிடக் குறைவு. அதனால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் மதுவின் அடர்த்தி கூடுகிறது. கல்லீரல் பாதிப்பும் அடிமைத்தனமும் ஆண்களைவிடக் குறைந்த காலத்திலேயே வந்துவிடுகின்றன. ஆனால் ஊருக்கு அஞ்சி மறைப்பதால் சிகிச்சைக்கு வருவது மட்டும் தாமதமாகிறது. ‘ஒரு தாய் குடிக்கலாமா’ என்ற வசை யாரையும் குணப்படுத்தியதில்லை. பாட்டிலை மறைக்கும் இடத்தைத்தான் மாற்றியிருக்கிறது.

சட்டென்று நிறுத்துவது ஆபத்து

“நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடக்கூடாது” என்று சத்தியம் வாங்கி, அறையில் பூட்டி வைக்கும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் இல்லாத உருவங்கள் தெரிந்து, ஆள் இடம் புரியாத குழப்பம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 சேர்த்துப் படிப்படியாக நிறுத்துவதே பாதுகாப்பு.

பிறகு ஆலோசனை, மறுபடி குடிக்கும் ஆவலைக் குறைக்கும் மருந்து, மீள முயல்பவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் என்று சிகிச்சை நீளும். சர்க்கரை நோயைப் போலவே இதற்கும் தொடர் கவனிப்பு வேண்டும். இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் சிகிச்சை தோற்றுவிட்டதாக ஆகாது. மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்

அம்மாவைப் பார்த்து வளர்ந்த நீங்களும் குடிக்கிறீர்களா? மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் 4 கேள்விகள் இவை.

1. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா?
2. உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா?
3. குடித்ததற்காகக் குற்ற உணர்வு ஏற்பட்டதுண்டா?
4. காலையில் எழுந்ததும் நடுக்கத்தையோ தலைவலியையோ போக்கக் குடித்ததுண்டா?

இரண்டு கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம் உங்கள் அம்மாவின் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். லைசாவின் கதை சொல்லும் பாடம் அது.

பிள்ளைகள் மனதில் பதிக்க வேண்டியவை

குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951இல் தொடங்கப்பட்ட அல்-அனான் அமைப்பு, வருபவர்களுக்கு முதலில் சொல்வது மூன்று உண்மைகள். இந்த நோயை நீங்கள் உண்டாக்கவில்லை. உங்களால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. உங்களால் அதைக் குணப்படுத்தவும் முடியாது. நல்ல மதிப்பெண் வாங்கினால் அம்மா நிறுத்திவிடுவார் என்று நம்பிய பிள்ளைக்கு இது வலிக்கும். ஆனால் தோளிலிருந்து பெரிய சுமையை இறக்கி வைப்பதும் இதுதான்.

அம்மாவை நேசிக்கலாம், அவருக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. போதையில் இருக்கும்போது வாதாட வேண்டாம், தெளிந்திருக்கும்போது பேசுங்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம், அது சித்தியோ ஆசிரியரோ, உள்ளதைச் சொல்லுங்கள். அம்மா வாகனம் ஓட்டும் நிலையில் இல்லையென்றால் அவர் வண்டியில் ஏறாதீர்கள். அப்படிச் செய்வது துரோகமல்ல.

எங்கே உதவி கிடைக்கும்?

குடிநோயால் கணவர் டி.டி. ரங்கநாதனை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை தருகிறது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். குடிநோயிலிருந்து மீள முயல்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. பெயரும் வெளியே போகாது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098.

அம்மா இன்று சிகிச்சைக்கு வராமல் போகலாம். நீங்கள் வரலாம். இந்த எண்களில் ஒன்றை இன்றே அழையுங்கள்.