எங்கே நடப்பது?



தேகப்பயிற்சியைக் குறித்து எழுதுவது டாக்டரின் வேலையல்லவா, ஆஸ்பத்திரிப் போதகருக்கு இதில் என்ன என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாங்கள் வார்டுகளில் படுக்கை படுக்கையாகப் போய் உட்கார்ந்து பேசுகிறவர்கள். பிணியாளிகள் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டுகிறார்கள், மனத்தாங்கலை எங்களிடம் சொல்லுகிறார்கள். சர்க்கரை வியாதியால் கால் விரலை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கும் ஒருவர், "டாக்டர் நடக்கத்தான் சொன்னார் ஐயா, எங்கே நடக்கிறது?" என்று கேட்கும்போது அது சாக்குப்போக்கு என்று எங்களால் தள்ளிவிட முடிவதில்லை.

நாவலூர், தாழம்பூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கங்களை முப்பது வருஷங்களுக்கு முன் பார்த்தவர்களுக்கு அங்கிருந்த வயல்களும் ஏரிகளும் உப்பளங்களும் நினைவிருக்கும். நாற்று நடவும் களையெடுக்கவும் போன மக்களுக்குத் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்று அதே இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. வாசலில் கம்பெனி பஸ், உள்ளே லிப்ட், அதன்பின் ஒன்பது மணி நேரம் நாற்காலி. கம்பெனி ஊழியர்கள் மட்டுந்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியிலும், கடைக்காரர் கல்லாவிலும், பால் வாங்கப் போகிறவர் இருசக்கர வண்டியிலும் உட்கார்ந்தேயிருக்கிறார்கள். நடக்க விரும்புகிறவருக்கோ, பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலைக்கான தடுப்புகளும் தூசியும், சந்துக்குள் போனால் நாய்களும் இருக்கின்றன.

பருமன் என்றவுடன் மிகவும் ஸ்தூலமான ஆட்களை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். நம்மவர்களுக்குக் கணக்கு வேறு. உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் உடல் எடையை வகுத்தால் ஓர் எண் வரும். அது மேல்நாட்டாருக்கு 30 ஆனால்தான் பருமன். நம் மக்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வியாதி வந்துவிடுவதால், 23 ஆனாலே எடை அதிகம், 25 ஆனால் பருமன் என்று 2009-இல் இந்திய நிபுணர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். 5 அடி 4 அங்குல உயரமுள்ளவர் 66 கிலோவைத் தொட்டால் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. தையற்காரரின் டேப் இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்திருப்பது இருதயத்தைக் கெடுக்கும் என்பதை முதலில் பஸ் தொழிலாளிகளிடம்தான் கண்டுபிடித்தார்கள். லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்குவார். டாக்டர் ஜெர்ரி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது தெரியவந்தது. ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு.

சரீரத்துக்குள் நடப்பது இதுதான். நாம் நடக்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாதவர்களிடத்திலும், அசைகிற தசை சர்க்கரைக்குத் தன் கதவைத் தானே திறந்துவிடுகிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிஷம் வாசலில் உலாவினால்கூடச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். ஆனால் இந்த நன்மை ஓரிரு நாள்தான் நிற்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடக்காமல் விடக்கூடாது என்று சர்க்கரை வியாதியஸ்தர்களுக்குச் சொல்லுகிறார்கள்.

மூன்று வாரம் நடந்துவிட்டு, "எடை அப்படியே இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறவர்கள் அநேகர். அவர்களுக்கு நம் சென்னையிலேயே நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்ல விரும்புகிறோம். டாக்டர் அ. ராமச்சந்திரன் அவர்களின் குழுவினர், சர்க்கரை வியாதியின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்து, சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் தினம் அரை மணி நேர நடையும். முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. இரண்டாம் பிரிவில் 39 பேருக்கு. இத்தனைக்கும் இரண்டாம் பிரிவினரின் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது! எடை குறைய வேண்டுமானால் தட்டிலும் கை வைக்க வேண்டும். அரை மணி நேரம் நடந்து செலவாகும் சக்தியை ஒரு மெதுவடை திருப்பிக் கொடுத்துவிடும். ஆனாலும் நடை தன் வேலையைச் செய்கிறது.

எங்களை அதிகமாக யோசிக்கவைத்தது வேறொரு செய்தி. 1996-97இல் டாக்டர் வி. மோகன் அவர்களின் குழுவினர் சென்னையில் இரண்டு இடங்களில் வீடு வீடாகப் பரிசோதனை செய்தார்கள். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர மக்கள் வாழும் ஏஷியாட் காலனி. மற்றொன்று தி.நகரில் ஏழை மக்கள் வாழும் பாரதி நகர். அப்போது வசதி உள்ள காலனியில் நூற்றுக்கு 12 பேருக்கும், ஏழை நகரில் 6 அல்லது 7 பேருக்கும் சர்க்கரை வியாதி இருந்தது. பரிசோதனை முடிவைக் கேட்ட ஏஷியாட் காலனிவாசிகள் தங்களுக்குள்ளேயே பணம் சேர்த்து, நடப்பதற்கென்று ஒரு பூங்காவை உண்டாக்கினார்கள். வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் தேகப்பயிற்சி செய்கிறவர்கள் முன்பு நூற்றுக்கு 14 பேராக இருந்தவர்கள், ஏழு ஆண்டுகள் கழித்து 59 பேராகப் பெருகியிருந்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து இரண்டு இடங்களையும் மீண்டும் பார்த்தபோது, காலனியில் 12 என்பது 15 ஆகியிருந்தது. பாரதி நகரிலும் அதே 15! அதாவது ஏழைகளிடத்தில் வியாதி இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. பூங்கா ஒன்றுதான் காரணம் என்று சொல்லுவது சரியல்ல. சாப்பாடும் தொழிலும் மாறியிருக்கின்றன. ஆயினும் பணமும் காலி மனையும் உள்ளவர்கள் தங்களுக்கு வழி செய்துகொண்டார்கள், இல்லாதவர்களுக்கு அது கூடவில்லை என்பதை எப்படி மறப்பது? சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்று சபைகளில் இன்னும் சொல்லக் கேட்கிறோம். அந்தக் காலம் போய்விட்டது.

இனி, எப்படி ஆரம்பிப்பது? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும் என்கிறது. வருஷக்கணக்காக அசையாதவர் முதல் நாளே அரை மணி நேரம் நடக்கத் தேவையில்லை. பத்து நிமிஷத்தில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். 10,000 அடி என்கிற கணக்கைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் அடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்க வைத்த பெயர்தான். வயது சென்ற பெண்களைக் கவனித்த ஓர் ஆராய்ச்சியில் 4,400 அடிகளிலேயே ஆயுள் நன்மை தெரிந்தது. வேகம் போதுமா என்று அறிய எங்களுக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் ஒரு கீர்த்தனையை முழுதாகப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் இன்னும் சற்று வேகமாகப் போகலாம். பேசவே முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

"வீட்டு வேலையே எங்களுக்குப் போதுமே" என்று தாய்மார் சொல்லுகிறார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்றுத் தண்ணீரும் இருந்த காலத்தில் அது முற்றிலும் உண்மை. மிக்ஸி, கிரைண்டர், குழாய் எல்லாம் வந்தபின் அப்படிச் சொல்ல முடியாது.

சர்க்கரை வியாதியஸ்தர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி இல்லாதவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. மூடிய, மெத்தென்ற காலணி அணிந்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நின்று மருத்துவமனைக்கு வாருங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவதில் தொடங்கலாம்.

2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நாவலூரில் இருக்கும் அம்மாள் பஸ் ஏறிப்போய் நடக்க மாட்டார். அவருக்குத் தெருமுனையில் இடம் வேண்டும். தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை எத்தனையோ சபைகளுக்குச் சுற்றுச்சுவரோடு வளாகம் இருக்கிறது. வேப்பமரமும், விளக்கும், தண்ணீர்க் குழாயும், கழிப்பறையும் இருக்கின்றன. வாரத்தில் ஆறு நாள் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. காலை ஐந்தரை முதல் ஏழு வரையும், மாலை ஆறு முதல் எட்டு வரையும் அதை எல்லா மதத்தாருக்கும் திறந்துவிட முடியாதா? சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டால் போதும். யார் கேட்டைத் திறப்பது, வாட்ச்மேனுக்குக் கூடுதல் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்விகள் கமிட்டியில் எழும். அவைகளை அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே எழுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்தச் சபையாவது வழி விட்டால், எங்கள் செவிலியர்கள் முதல் நாள் காலையில் வந்து எல்லாருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொடுப்பார்கள்.