வானத்துப் புகையை அளந்த தமிழர்

அறிஞர் ஒருவரின் உழைப்பை உலகம் எதைக் கொண்டு அளக்கிறது? பட்டங்களைக் கொண்டா, பரிசுகளைக் கொண்டா? விஞ்ஞான உலகில் வேறோர் அளவுகோலும் உண்டு. ஒருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பின்வரும் ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் ஆதாரமாக எடுத்துக் காட்டுவர். அதனை மேற்கோள் என்பர். இம்மேற்கோள்களை எண்ணி ஓர் ஆய்வின் செல்வாக்கை மதிப்பிடுவது வழக்கம். இந்த அளவுகோலால் வாயுமண்டல ஆராய்ச்சியின் முன்னணியில் வைத்து எண்ணப்படுபவர் டாக்டர் வீரபத்திரன் இராமநாதன். 1944-ஆம் ஆண்டு தமிழகத்தில் பிறந்த இவர், நம் திருச்சபையின் அறிவியல் கழகத்திலும் உறுப்பினர் என்பது வாசகர்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

குளிர்பதனப் பெட்டி எழுப்பிய வினா

பதினொரு வயது வரை தமிழ் வழியில் பயின்ற சிறுவன் இராமநாதன், குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்ததும் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆசிரியர் சொல்வது விளங்கவில்லை, வகுப்பில் பின்தங்கினார். ஆயினும் பிறர் சொல்வதை நம்பியிராமல், எதையும் தாமே ஆராய்ந்து அறியும் பழக்கம் அந்நாளில் உண்டாயிற்று என்று பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார்.

1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றபின், செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றினார். பெட்டியிலுள்ள குளிரூட்டும் வாயு விரைவில் கசிந்து போவதேன் என்று கண்டறிவதே அவர் வேலை. பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் அமெரிக்காவிலும் பயின்று, 1974-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டுதான் மோலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள், அதே குளோரோஃபுளூரோகார்பன் வாயு ஓசோன் படலத்தை அழிக்கும் என்று அறிவித்தனர். இராமநாதனுக்கோ மற்றொரு வினா எழுந்தது: இவ்வாயு பூமியின் வெப்பத்தையும் சிறைப்படுத்துமோ? கணக்கிட்டுப் பார்த்தார். அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று கண்டார். 1975-இல் அவர் தனியொருவராக வெளியிட்ட இக்கட்டுரை, பூமியைச் சூடேற்றுவது கரியமில வாயு மட்டுமே என்ற எண்ணத்தை மாற்றியது. 1980-இல் ரோலண்டு மாடன் என்பவருடன் சேர்ந்து, பூமி சூடாவது 2000-ஆம் ஆண்டளவில் தெளிவாகப் புலப்படும் என்று முன்னறிவித்தார். அவ்வாறே நிகழ்ந்தது.

இந்துமாக்கடலின் மேல் பழுப்புத் திரை

1999-இல் பல நாட்டு விஞ்ஞானிகள் ஒன்றுகூடி, மாலத்தீவை மையமாகக் கொண்டு விமானங்களாலும் கப்பல்களாலும் இந்துமாக்கடலின் வாயுமண்டலத்தை ஆராய்ந்தனர். நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் இராமநாதனும் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினர். கடலின் மேல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் கனத்தில் பழுப்புப் புகைத்திரை கவிந்திருக்கக் கண்டனர். விறகடுப்பு, டீசல், எரிக்கப்படும் வைக்கோல் ஆகியவற்றின் கரித்துகள்கள் அதில் கலந்திருந்தன. இத்திரை சூரிய ஒளியைக் குறைத்து மழைச் சுழற்சியையும் தளரச் செய்யும் என்று 2001-இல் வெளியான அவர்களது கட்டுரை விளக்கிற்று. ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதனை எடுத்துக் காட்டியுள்ளன.

ஆனால் மேற்கோள்களின் எண்ணிக்கை மட்டுமே ஓர் ஆய்வின் பெருமை ஆகாது. மறுப்பதற்காகக்கூட ஒரு கட்டுரையை எடுத்துக் காட்டுவதுண்டு. ஆய்வு மனிதர்க்கு என்ன நன்மை செய்தது என்பதே மெய்யான அளவுகோல். 2016-இல் உருவாண்டாவின் கிகாலி நகரில், வெப்பத்தைப் பிடிக்கும் குளிரூட்டும் வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க நாடுகள் உடன்பட்டன. நாற்பத்தொரு ஆண்டுகட்குமுன் அவர் இட்ட விதையின் கனிகளுள் இதுவும் ஒன்று.

அடுப்படியும் வத்திக்கானும்

கரியமில வாயு நூறாண்டுக்கு மேலும் வானில் தங்கும்; கரித்துகளோ சில வாரங்களுக்குள் மறைந்துவிடும். ஆகவே புகையை இன்று நிறுத்தினால் பயனும் விரைவில் கிட்டும். தம் பாட்டியார் புகையடுப்பின் முன் அமர்ந்து இருமியதைக் கண்டிருந்த இராமநாதன், 2009-இல் 'சூர்யா' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வட இந்தியக் கிராம இல்லங்களில் தூய அடுப்புகளைப் பரப்ப முனைந்தார். வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இறந்தோருள் பச்சிளங் குழந்தைகளும் பலர்.

2004-இல் அவர் பாப்பிறை அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். அவர் கத்தோலிக்கர் அல்லர். உண்மையைத் தேடும் அறிஞரைச் சமயம் பாராது அழைப்பது அக்கழகத்தின் மரபு. 2014-ஆம் ஆண்டு மே மாதம், வத்திக்கானில் வாகனங்கள் நிற்குமிடத்தில் பாப்பரசர் பிரான்சிசைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. தம் ஆய்வின் சாரத்தைச் சில வாக்கியங்களில் கூற நேர்ந்தபோது, மாசின் பெரும்பகுதி உலகின் செல்வம் மிக்க நூறு கோடிப் பேரால் விளைகிறது, அதன் கொடுமையை ஏழைகளான முந்நூறு கோடிப் பேர் அனுபவிப்பர் என்று எடுத்துரைத்தார். மறு ஆண்டு வெளிவந்த 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், சமையற் புகையால் ஏழைகளுக்கு நேரும் கேட்டையும் குறிப்பிடுகிறது.

ஆதியாகமத்தில் இறைவன் மனிதனைத் தோட்டத்தின் காவலனாக வைத்தார் என்று நாம் கற்றிருக்கிறோம். அக்காவல் நம் அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். குப்பையையும் நெகிழிப் பைகளையும் கொளுத்தாதிருப்போம். வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழை இல்லங்களைச் சந்திக்கும்போது, அரிசிப் பானையைப் பார்ப்பதோடு அதன்கீழ் எரியும் அடுப்பையும் பார்ப்பாராக! ஒரு தாயின் அடுப்பில் புகை நின்றால், அவள் மடியிலிருக்கும் குழந்தையும் நிம்மதியாக மூச்சு விடும்.