வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் அடையாளம்

ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரித் தோப்புக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நாயே காவல். அந்நாய் இரவில் கட்டவிழ்ந்து போய் அயலார் பட்டியில் நான்கு ஆடுகளைக் கடித்துவிடுமாயின், மறுநாட் காலையில் வழக்கு கிராம உத்தியோகஸ்தரிடம் வந்து சேருகிறது. நாய் தமதன்று என்று ஒருவர் சொல்வார்; அவருடையதே என்று மற்றவர் சாதிப்பார். ஊரில் செவலை நாய்கள் பத்து இருக்கையில் நிறத்தைக் கொண்டு நிச்சயிப்பது எங்ஙனம்? 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, தெருநாய்களால் மாண்ட ஆடு ஒன்றுக்கு 6,000 ரூபாயும் மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. ஆதலால் கடித்தது தெருநாயா, வளர்ப்பு நாயா என்பது இப்போது பண விஷயமும் ஆகும்.

ஆட்டுக்குக் காது அறுத்தும் மாட்டுக்குச் சூடு போட்டும் அடையாளம் வைப்பது பழைய வழக்கம். மாடுகளுக்கு 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் காதுவில்லை இப்போது பொருத்தப்படுகிறது. நாய்க்கு இவை பொருந்தா. கழுத்துப் பட்டை கழன்றுவிடும், கழற்றவும் படும். கருத்தடை செய்த தெருநாய்களுக்கே காது நுனி வெட்டப்படுவதால், வளர்ப்பு நாய்க்கு அதைச் செய்தல் வீண் குழப்பம்.

மைக்ரோசிப் என்பது அரிசி மணியை ஒத்த சிறு கண்ணாடிக் குழல். நீளம் சுமார் 12 மில்லிமீட்டர், கனம் 2 மில்லிமீட்டர். அதனுள் மெல்லிய கம்பிச் சுருளும் எண் பதிந்த சில்லும் உண்டு, பாட்டரி இல்லை. படிக்கும் கருவியை நாயின் மேல் அணுகப் பிடித்தால், அதன் அலையிலிருந்தே சுருள் சக்தி பெற்று 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்பும். கால்நடை மருத்துவர் சற்றுத் தடித்த ஊசியால் இதனைத் தோள்களுக்கிடையே தோலின் கீழ்ச் செலுத்துகிறார். மயக்க மருந்து வேண்டுவதில்லை. முன்பே சில்லு உளதா என்று முதலில் கருவியால் பார்த்தல் அவசியம். சில வேளை சில்லு இடம் பெயர்ந்து தோட்பட்டைப் பக்கம் இறங்கிவிடுமாதலால், பக்கங்களிலும் தடவிப் பார்த்தல் நலம்.

காணாமற்போன நாய் எங்கே இருக்கிறதென்று இச்சில்லு காட்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அது எண்ணை மட்டுமே அறியும். உடையவர் பெயர், ஊர், தொலைபேசி எண், வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவை பதிவேட்டில் இருந்தாலொழிய அவ்வெண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாய் கைமாறும்போது பதிவையும் மாற்றவேண்டும்; பலர் தவறுவது இங்கேதான்.

இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாய்களுக்கு இது கட்டாயம். சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, உரிமம் பெறாதோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவ்விதி அம்மாநகர எல்லைக்கு உட்பட்டது. எனினும் பட்டி நாய்க்குத் தாமே முன்வந்து சில்லுப் பொருத்துவோருக்கு அதனால் நஷ்டமில்லை; களவு போன நல்ல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை நாய்களைத் தமதென்று நிரூபிக்கவும் உதவும்.

சில்லு, தடுப்பூசிக்கு ஈடாகாது. குட்டிக்கு மூன்று மாதமாகும்போது வெறிநோய்த் தடுப்பூசி போடக் கொண்டுசெல்கையில், சில்லும் அன்றே பொருத்திக்கொள்ளலாம். பிறகு ஆண்டுதோறும் ஊசி போடும் நாளில் மருத்துவரைக் கொண்டு எண்ணைப் படிக்கச் செய்து, பதிவேட்டுடன் ஒப்பிட்டுக்கொள்வது தகும்.