பொன் பிறக்கும் விதம்

சார்செலிலிருந்து தொடருந்தேறி லாச்சப்பலுக்குச் சென்று, நகைக்கடை வாசலில் நின்று பார்க்காத பிள்ளைகள் நம்மிடையே அரியர். அங்கு மின்னும் காப்பும் சங்கிலியும் எங்கே பிறந்தன?

பூமியின் மேலோடு பல பெருந்தகடுகளாகப் பிரிந்துள்ளது. அவை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்கின்றன. தகடுகள் சந்திக்கும் விதத்திற்கேற்பப் பொன் படியும் விதமும் வேறுபடுகின்றது.

முதலாவது, நிலப்பகுதிகள் மோதி மலைகள் எழும் இடம். ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகும்போது பாறைகளிலிருந்து சுடுநீர் பிரிகின்றது. அந்நீர் கந்தகத்தின் துணையுடன் பொன்னைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகள் வழியே மேலேறும். அழுத்தம் குறையுமிடத்தில் பொன்னும் வெண்ணிறப் படிகக்கல்லும் நரம்புகள்போல் உறைகின்றன. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் பொன் இவ்வாறே ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது.

இரண்டாவது, கடலடித் தகடு மற்றொன்றின் கீழ் அமிழ்ந்து எரிமலைகள் தோன்றும் இடம். அங்கு சுடுநீர் மேற்பரப்பை அண்மித்துக் கொதிக்கையில் பொன் பிரிந்து படிகின்றது. யப்பானின் கிசிக்காரிச் சுரங்கம் இதற்குச் சான்று. அங்குள்ள பொன்னின் வயது ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகளே!

இவ்விரு வகைப் பாறைகளையும் மழையும் ஆறும் அரிக்கும்போது மூன்றாம் வகை உண்டாகின்றது. பொன் படிகக்கல்லைவிட ஏழு மடங்கு அடர்த்தியானது; ஆதலால் நீரோட்டம் தளருமிடத்தில் மணலுடன் தங்கிவிடும். பிரான்சின் அரியேஜ் ஆற்றில் இத்தகைய பொற்றுகள்களை அரித்தெடுப்போர் உண்டு.

இயற்கை படைத்த பொன்னை வெளிக்கொணர்ந்தவை மனிதக் கரங்களே. 1880 இல் ஆங்கிலேய நிறுவனமொன்று கோலாரில் பணி தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையால் புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையாக அங்கு உழைத்தனர். சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. பாறை வெடித்துச் சரிந்து மாண்டோர் பலர்; கற்றூசியால் நுரையீரல் கெட்டோரும் பலர். 800 தொன்னுக்கு மேல் பொன் ஈந்த அச்சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. பொன்னை எடுத்தோரின் பிள்ளைகள் வேலை தேடி நாளும் பெங்களூருக்குத் தொடருந்தேறலாயினர்.

மாணவச் செல்வங்களே! ஒரு தொன் பாறையில் சில கிராம் பொன்னே கிடைக்கும். ஒரு பவுணோ எட்டுக் கிராம். உங்கள் கையிலுள்ள காப்பில் கோடி ஆண்டுகளின் வேலையும், முகமறியா மனிதர் சிந்திய வியர்வையும் கலந்துள்ளன. அதன் விலையைக் கேட்கும்போது இவற்றையும் எண்ணிப்பாருங்கள்.