சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்

பாரிஸுக்கு அருகிலுள்ள ஸ்தேனில் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கும் தாதி நான். காலையில் எடுத்துக் கொடுத்த இரத்தத்தின் பெறுபேறு பெரும்பாலும் அன்று பின்னேரமே கைத்தொலைபேசிக்கு வந்துவிடும். டொக்டரைச் சந்திக்க நாள் கிடைப்பது பிறகுதான். இடைப்பட்ட அந்த நாட்களில் நித்திரை இல்லாமல் கிடக்கிற எங்கள் சனங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு அம்மா இரவு எடுத்துக் கேட்டார். "பிள்ளை, நியூட்ரோபில் 38 எண்டு கிடக்கு. போன முறை 60 இருந்தது. இது இரத்தப் புற்றுநோயோ?"

"அம்மா, அது சதவீதம். பக்கத்தில இன்னொரு இலக்கம் கிடக்கும், அதை வாசியுங்கோ."

1.8 என்று வாசித்தார். நியூட்ரோபில் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அவருடைய வெள்ளை அணுக்கள் மொத்தம் 4.8. அதில் 38 வீதம் ஏறத்தாழ 1.8. வயது வந்த ஒருவருக்கு 1.5க்குக் கீழே போனால்தான் நியூட்ரோபில் குறைவு என்று சொல்வது வழக்கம். இரண்டு கிழமைக்கு முன் அவருக்குத் தடிமன் வந்திருந்தது. வைரஸ் தொற்றுக்குப் பிறகு லிம்போசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் கூடினால் நியூட்ரோபிலின் பங்கு தானாகவே சிறுத்துத் தெரியும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 70 வீதம் என்று பார்த்து ஒருவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் வெள்ளை அணுக்கள் மொத்தமே 2.0 என்றால் நியூட்ரோபில் 1.4தான். குறைந்திருப்பது அவருக்குத்தான்.

இந்தப் பரிசோதனைக்குப் பிரான்ஸில் என்.எஃப்.எஸ். என்று பெயர். இலங்கையில் எஃப்.பி.சி., இந்தியாவில் சி.பி.சி. என்பதும் இதுவேதான். ஊதா மூடிக் குழாயில் எடுப்போம். இதற்கு மட்டுமென்றால் வெறும் வயிறு தேவையில்லை. இங்கே ஜி/எல் என்ற அலகில் எழுதுவார்கள். ஆயிரத்தால் பெருக்கினால் ஊரில் எழுதும் கணக்கு வந்துவிடும்: 1.8 என்பது ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 1,800. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பிக்கு 4,000, எனக்கு வெறும் 4 என்று பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான்.

நியூட்ரோபில் என்ன வேலை செய்கிறது? இதற்கான பதிலோடு பாரிஸுக்கு நெருங்கிய சொந்தம் உண்டு. 1882இல் இத்தாலியின் மெசினாவில் எலி மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் றோசா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், அசைந்து திரியும் சிறு உயிரணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. உடலுக்குள் நுழைந்ததை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் எங்களிடமும் உண்டு என்ற கருத்தை அதிலிருந்துதான் அவர் வளர்த்தெடுத்தார். நியூட்ரோபிலும் அப்படி விழுங்கும் உயிரணுதான். 1888இல் பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்துக்கு வந்து, 1916இல் இறக்கும்வரை அங்கேயே ஆராய்ந்தார். 1908இல் போல் ஏர்லிக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவருடைய அஸ்தி இன்றும் அந்த நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது.

வெறுங்காலோடு திரிந்து முள்ளுக் குத்தி, இரண்டாம் நாள் சீழ் கட்டிய அனுபவம் எங்களில் பலருக்கு இருக்கும். அந்தச் சீழில் பெரும்பங்கு, கிருமியோடு போராடிச் செத்த நியூட்ரோபில்கள். எலும்பு மச்சை ஒரு நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. குருதியில் அவை சுற்றுவது சில மணித்தியாலங்கள்தான். ஆகவே உங்கள் தாளில் இருப்பது அந்த ஒரு காலைப்பொழுதின் கணக்கு. நாளைக்கு எடுத்தால் வேறு இலக்கம் வரும்.

கூடினால்? ஏறத்தாழ 7.5க்கு மேல் போனால் பக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் குருதியோட்டத்தில் உள்ள நியூட்ரோபில்களில் பாதியளவு இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. அவை கணக்கில் வராது. கோர்டிசோன் குளிசை, பதற்றம், கடும் உடற்பயிற்சி எல்லாம் அவற்றைச் சுவரிலிருந்து கழற்றி ஓட்டத்தில் விட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே கூடும். நாள்தோறும் புகைப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சற்றுக் கூடியே நிற்கும். உணவகச் சமையலறையில் வேலை செய்யும், புகைக்கும் எத்தனையோ அண்ணைமார் இதைத் தெரியாமல் பயப்படுகிறார்கள். இலக்கம் தொடர்ந்து ஏறி, முதிராத உயிரணுக்களும் குருதியில் தென்பட்டு, உடல் மெலிந்தால் இரத்தநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். பாரிஸின் லாச்சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய சென்-லூயி ஆஸ்பத்திரி இந்த நோய்களுக்குப் பேர்போனது. நான்காம் ஹென்றி மன்னர் 1607இல் கொள்ளைநோய்க்காரருக்காகத் தொடக்கிய இடம் அது.

குறைந்தால்? 1.5க்கும் 1.0க்கும் இடையில் என்றால் லேசான குறைவு. அநேகமாகச் சில கிழமைகள் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எங்கள் மாடிகளில் ஆபிரிக்கக் குடும்பங்கள் நிறைய. அவர்களில் பலருக்குப் பிறவியிலேயே 1.5க்குக் கீழே இருக்கும், நோய் ஒன்றும் இராது. செவ்வணுவில் டஃபி என்ற குறி இல்லாமையோடு இது தொடர்புடையது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். எல்லைக்கோடு எல்லாருக்கும் ஒன்றல்ல. எங்களவரிடம் கவனிக்க வேண்டியது வேறு: கண்டிப்பான சைவக்காரருக்கு பி12 குறைந்தால் நியூட்ரோபிலும் குறையலாம். முருங்கையிலையும் மாதுளம்பழமும் வாங்கிச் சாப்பிட்டு இலக்கத்தை ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். ஆனால் பி12 அவற்றில் இல்லை.

ஊருக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல் என்றால், போன இடத்தையும் திரும்பிய தேதியையும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டெங்குவில் வெள்ளை அணுக்களும் குருதிச் சிறுதட்டுகளும் சேர்ந்து விழும். தாளில் இயோசினோபில் என்ற வேறொரு வகை வெள்ளை அணு கூடியிருந்தால் அதையும் தட்டிக்கழிக்க வேண்டாம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்த காலத்தில் தோலைத் துளைத்து ஏறிய ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு, பல பத்தாண்டுகள் குடலில் தங்கக்கூடியது. கோர்டிசோன் கொடுத்தால் அது உடல் முழுதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டித் தெரிந்தால் ஐவர்மெக்டின் குளிசையால் அழிக்கலாம்.

இனிச் சொல்வது காத்திருக்க முடியாத விடயம். 0.5க்குக் கீழே நியூட்ரோபில் போனால், வாயிலும் குடலிலும் சாதாரணமாக வாழும் கிருமியே உயிரை எடுக்கலாம். புற்றுநோய்க்கு ஷிமியோ (கீமோதெரபி) ஏற்றியவர்களுக்கு, மருந்தைப் பொறுத்து, அநேகமாக 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் இப்படி விழும். தைரொயிட் கூடுதலுக்கு கார்பிமசோல் எடுப்பவர்களில் மிகச் சிலருக்கும், பெரும்பாலும் முதல் சில மாதங்களில், திடீரென்று விழும். அவர்களுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே இரத்தம் எடுக்க வேண்டும்.

ஷிமியோ எடுப்பவர்கள் காய்ச்சல்மானியைக் கட்டிலருகில் வையுங்கள். 38.3 ஒருமுறை காட்டினாலோ, 38 ஒரு மணித்தியாலம் இறங்காமல் நின்றாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே டொலிப்ரானும் (பரசிட்டமோல்) போட வேண்டாம். அது காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே பெருகும். ஆஸ்பத்திரி தந்த இலக்கத்துக்கு அழையுங்கள். அங்கே எவரும் எடுக்காவிட்டால் அவசர மருத்துவ இலக்கமான 15. பிரெஞ்சு வராதவர்கள் "ஷிமியோ, ஃபியேவ்ர்" (ஃபியேவ்ர் என்றால் காய்ச்சல்) என்ற இரண்டு சொல்லையும் வீட்டு முகவரியையும் சொல்லுங்கள். என்ன அவசரம் என்று அவர்களுக்கு விளங்கும். கடைசியாக வந்த லபோ (ஆய்வுகூட) தாளைக் கையோடு கொண்டு போங்கள்.